குழாய் நீரின் பாய்ச்சலும் அமுக்கமும்

இறம்பொடை அருவியை அறியாதார் நம்முள் இலர். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில் வளைவுகள் பலவற்றைக் கடந்து வருவோர்க்கு அதன் வெண்மை தொலைவிலேயே புலப்படும். 109 மீற்றர் உயரத்தினின்றும் வீழும் அவ்வருவியின் அடியில் மாணவர் ஒருவரை நிறுத்தி, ‘வீழும் இந்நீரின் அமுக்கம் எத்துணை?’ என வினவினால், ‘மிகப் பெரிது’ என்றே விடையிறுப்பர். அவ்விடை பிழையாகும். வெளியிலே வீழ்ந்துகொண்டிருக்கும் நீர்த்தாரையின் அமுக்கம் அதனைச் சூழ்ந்துள்ள வளியின் அமுக்கமேயன்றி அதனின் மிக்கதன்று. பாறையை அது பெருவிசையுடன் தாக்குகின்றதே எனின், அத்தாக்குதல் வீழ்ச்சியால் நீர் பெற்ற வேகத்தின் விளைவு என்க.

இனி, அதே உயரமுள்ள குழாயொன்றை நிலைக்குத்தாக நிறுத்தி, அதன் அடிவாயை அடைத்து, நீரால் நிரப்பினோம் எனக் கொள்வோம். அடியிலே பொருத்திய அமுக்கமானி ஏறத்தாழ 10.7 பார் எனக் காட்டும். ஆயினும் ஒரு துளி நீரேனும் அங்கு ஓடவில்லை. எனவே, அருவியிலே பாய்ச்சல் உண்டு, மிகை அமுக்கம் இல்லை. அடைத்த குழாயிலே அமுக்கம் உண்டு, பாய்ச்சல் இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள். இவ்வுண்மை எளியதாயினும், இதனை மறந்தமையாற் பணமும் உழைப்பும் அயலவர் நட்பும் வீணாயினமையை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். ஆதலின் இவ்விரண்டையும் அளக்கும் முறையையும், அளந்தவற்றைக் கொண்டு பழுதின் இடத்தை அறியும் முறையையும் இவ்விதழ் வாயிலாக நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க முற்பட்டோம்.

அமுக்கமும் பாய்ச்சலும் யாவை?

ஓரலகுப் பரப்பின்மீது நீர் செலுத்தும் விசையே அமுக்கம். அசையாது நிற்கும் நீரில் அஃது ஆழத்தை மாத்திரம் பொறுத்தது. 10 மீற்றர் உயரமுள்ள நீர்நிரல் 98 கிலோபாசுக்கால் அமுக்கத்தை உண்டாக்கும். 100 கிலோபாசுக்கால் 1 பார் ஆதலின், 10 மீற்றருக்கு 1 பார் என நினைவிற் கொள்ளுதல் நடைமுறைக்குப் போதியது. இங்கு உயரமென்பது நிலைக்குத்து உயரமே. குழாய் மலைச்சரிவிலே வளைந்து நெளிந்து அரைக் கிலோமீற்றர் வரினும், ஊற்றுக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள நிலைக்குத்து உயரம் 30 மீற்றராயின், திருகை மூடிய நிலையில் வீட்டிற் கிடைக்கும் அமுக்கம் 2.9 பாரே. குழாயின் அகலம் இக்கணக்கில் இடம்பெறாது.

பாய்ச்சலோ குறித்த நேரத்திற் குழாயைக் கடந்து செல்லும் நீரின் கனவளவாகும். அதனை நிமிடத்துக்கு இத்தனை இலீற்றர் எனக் கூறுவோம். இங்கே குழாயின் அகலம் தலையாய இடம் பெறுகின்றது. நீர் ஓடத் தொடங்கியதும் குழாய்ச் சுவரின் உராய்வு அமுக்கத்தைத் தின்னத் தொடங்கும். பாய்ச்சல் இருமடங்காகுமாயின் உராய்வால் நேரும் அமுக்க இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரே உயரத்திலிருந்து வரும் ஓரங்குலக் குழாய், அதே நீளமுள்ள அரையங்குலக் குழாயினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட நீரைத் தரும். அரையங்குலக் குழாய் இரண்டு சேர்ந்தால் ஓரங்குலக் குழாய்க்கு ஈடாகும் என எண்ணி வாங்கியவர் ஏமாற்றமடைவது இதனாலேயே.

இவ்வறிவு உலகுக்கு வந்த வரலாற்றில் மலைக்கும் பங்குண்டு. 1643இல் இத்தாலிய அறிஞர் தொறிசெல்லி இரச நிரலைக் கொண்டு வளியின் அமுக்கத்தை அளக்கும் வழி கண்டார். பிரான்சிய அறிஞர் பாசுக்கால், மலைமீது ஏறினால் அவ்வமுக்கம் குறைய வேண்டுமென ஊகித்துத் தம் மைத்துனர் பெரியேரை வேண்ட, அவர் 1648 செற்றெம்பர் 19ஆம் நாள் புய் து தோம் என்னும் மலைமீது இரசக் குழாயைக் கொண்டு சென்று அவ்வூகத்தை மெய்ப்பித்தார். நுவரெலியாவில் நீர் 100 பாகையை எட்டாது ஏறத்தாழ 94 செல்சியஸ் பாகையிலேயே கொதிப்பதும் இதே காரணத்தினாலாகும். 1738இல் தானியேல் பேர்ணூலி, ஓடும் நீரின் வேகத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ள தொடர்பைத் தம் நூலில் விளக்கினார். 1849இல் பாரிசு நகரத்துப் பூர்தோன் என்பார், வளைந்த தட்டைக் குழாய் அமுக்கத்தால் நிமிர முற்படுவதைப் பயன்படுத்தி முள் காட்டும் அமுக்கமானியை ஆக்கி உரிமை பெற்றார். இன்று நாம் கடையில் வாங்கும் வட்ட முகத்து அமுக்கமானி பெரும்பாலும் அவ்வகையினதே.

பீலியில் அளத்தல்

நம் தோட்டங்களில் மலையூற்றிலிருந்து தாங்கிக்கும், தாங்கியிலிருந்து லயங்களின் பீலிக்கும் நீர் தன்னெடையாலேயே இறங்கி வருதல் வழக்கம். அங்கே பாய்ச்சலை அளக்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். 20 இலீற்றர் கொள்ளும் வாளி நிரம்ப 50 செக்கன் சென்றதெனின், பாய்ச்சல் நிமிடத்துக்கு 24 இலீற்றர். மும்முறை அளந்து சராசரி காண்க. வாளியின் கொள்ளளவைக் கடைக்காரர் சொல்லை நம்பாது, ஓர் இலீற்றர்ப் போத்தலால் ஊற்றி எண்ணிக் குறியிட்டுக் கொள்க. மழை குறைந்த சனவரி தொடக்கம் மார்ச்சு வரையுள்ள மாதங்களிலே அளப்பது இன்றியமையாதது. மழைக்காலத்துப் பாய்ச்சலை நம்பித் திட்டமிடுதல், விழா நாட் சோற்றைக் கண்டு ஆண்டுச் செலவைக் கணக்கிடுவதை ஒக்கும்.

சிறு பாய்ச்சலையும் இகழ்தல் ஆகாது. ஒரு செக்கனுக்கு 0.1 இலீற்றர் தரும் ஊற்று, 20 இலீற்றர் வாளியை நிரப்ப 200 செக்கன் கொள்ளும். காலையில் வேலைக்கு விரையும் தாய்மார்க்கு அது பொறுக்கொணாத தாமதம். ஆனால் ஒரு நாளிலே அவ்வூற்று 8,640 இலீற்றர் தருகின்றது. ஒருவர்க்கு 50 இலீற்றர் வீதம் 170 பேருக்கு அது போதும். இரவில் வீணே ஓடும் நீரைச் சேர்த்து வைக்கும் தாங்கியே அங்கு வேண்டுவது. புதிய ஊற்றைத் தேடி மலை ஏற வேண்டுவதில்லை.

அமுக்கத்தை அளக்க இரு வழிகள் உள. உயரம் இரண்டு மூன்று மீற்றருக்கு உட்பட்டதாயின், தெளிந்த பிளாஸ்ரிக் குழாயொன்றைத் திருகின் வாயில் இறுகக் கட்டி நிலைக்குத்தாகப் பிடித்துத் திருகைத் திறக்க, நீர் ஏறி நிற்கும் உயரமே அமுக்கத்தின் அளவாகும். அதனின் மிக்கதாயின் அமுக்கமானி வேண்டும். அதனைத் திருகுக்குச் சற்று முன்பாகக் கிளைக்குழாய் ஒன்றிற் பொருத்துக. முதலில் எல்லாத் திருகுகளையும் மூடி, முள் அசையாது நின்றபின் குறித்துக் கொள்க, இது நிலையமுக்கம். பின்னர்த் திருகை முற்றத் திறந்து, வாளியாற் பாய்ச்சலை அளக்கும் அதே வேளையில் மறுபடியும் குறித்துக் கொள்க. இஃது ஓட்ட அமுக்கம். நிலையமுக்கம், ஓட்ட அமுக்கம், பாய்ச்சல் என்னும் மூன்று எண்களும் ஒருங்கு கிடைத்தாலன்றிப் பழுதின் காரணம் புலப்படாது. இவற்றுள் ஒன்றை மாத்திரம் கொண்டு முடிவு கூறுவோர் பெரும்பாலும் பிழைபடுவர்.

எண்கள் கூறும் செய்தி

தாங்கி 30 மீற்றர் உயரத்தில் உள்ளதெனவும், பீலியிற் பாய்ச்சல் குறைந்ததெனவும் கொள்வோம். நான்கு நிலைகள் எதிர்ப்படலாம்.

முதலாவது, நிலையமுக்கமே 2.9 பாருக்கு மிகக் குறைந்திருத்தல். திருகுகள் யாவும் மூடியிருக்க அமுக்கம் குறைவதாயின், இடைவழியில் எங்கோ நீர் கசிந்து ஓடுகின்றது. அல்லது குழாயின் மேடான பகுதியில் வளி சிறைப்பட்டுள்ளது. அல்லது தாங்கியிலிருந்து நீர் குழாய்க்குள் முற்றாக இறங்கவில்லை. குழாய் வழியே நடந்து ஈரமான நிலத்தையும் மேடுகளையும் தேடுக.

இரண்டாவது, நிலையமுக்கம் சரியாக 2.9 பார் இருந்தும், திறந்தவுடன் 0.3 பாருக்கு வீழ்தல். உயரம் தந்த அமுக்கம் அனைத்தையும் குழாய் வழியிலேயே உராய்வு தின்றுவிட்டது. குழாய் ஒடுங்கியது, அல்லது துரு, மணல், இலை முதலியவற்றால் அடைபட்டது, அல்லது இடையிலுள்ள வால்வு பாதி மூடியுள்ளது.

மூன்றாவது, திறந்த பின்னரும் அமுக்கம் 2.7 பாராகவே நிற்க, நீர் மாத்திரம் நூல்போல வருதல். அமுக்கமானி வரைக்கும் குறையில்லை; அதற்கு அப்பாலுள்ள திருகே அடைபட்டுள்ளது. சில ரூபாய் பெறும் றப்பர் வளையத்தை மாற்றினால் தீரும் இக்குறைக்காகப் பம்பி வாங்கியவரும் உளர்.

நான்காவது, தொடக்கத்திற் பாய்ச்சலும் அமுக்கமும் நன்றாயிருந்து, சிறிது நேரத்தில் இரண்டும் தளர்தல். குழாயிற் பழுதில்லை. தாங்கிக்கு வரும் நீரினும் அதனின்று போகும் நீர் மிகையாயுள்ளது. இங்கு ஊற்றின் பாய்ச்சலை அளத்தல் வேண்டும்.

மேல் லயமும் கீழ் லயமும்

ஒரு குழாயிலிருந்து மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நீர் பிரியுமிடத்து, கீழ் லயத்தார் திறந்தால் மேல் லயத்தில் நீர் நின்றுபோதல் நாம் யாவரும் அறிந்ததே. இதனாற் பீலிக்கரையில் எழும் சச்சரவுகள் உறவினரையும் பிரித்துள்ளன. ‘வேண்டுமென்றே செய்கின்றனர்’ என மேலிருப்போர் கூறுவர். ‘எங்கள் பங்கையே எடுக்கின்றோம்’ எனக் கீழிருப்போர் கூறுவர். இருவரும் தத்தம் அளவில் உண்மையே பேசுகின்றனர்.

மேல் லயம் தாங்கிக்கு 8 மீற்றர் கீழேயும், கீழ் லயம் 30 மீற்றர் கீழேயும் உள்ளன என்க. குழாய் பிரியுமிடம் மேல் லயத்துக்கு அணித்தாக உள்ளது. மேல் லயத்துக்கு உரிய அமுக்கம் 8 மீற்றரே, அதாவது 0.8 பாரே. கீழ் லயத்தார் தம் திருகுகளைத் திறக்க, பொதுக்குழாயில் நேரும் உராய்விழப்பும் 8 மீற்றர் ஆகுமாயின், பிரியுமிடத்தில் எஞ்சும் அமுக்கம் யாதுமில்லை. மேல் லயம் வறண்டுபோகும். இதில் ஒருவர் தீமையும் இல்லை.

இனி, கீழ் லயத்துக்குச் செல்லும் வால்வைச் சிறிது மூடி அதன் பாய்ச்சலைப் பாதியாக்குவோம். பாய்ச்சல் பாதியாயின் இழப்பு நாலில் ஒன்றாகும் என மேலே கண்டோம். எனவே இழப்பு 8 மீற்றரிலிருந்து 2 மீற்றராகக் குறைந்து, பிரியுமிடத்தில் 6 மீற்றர் அமுக்கம் மீளும். மேல் லயத்தார் தம் திருகைத் திறந்ததும் அது மேலும் சிறிது குறையுமாயினும், நீர் வருதல் உறுதி. கீழிருப்போர் பாதியை விட்டுக்கொடுக்க, மேலிருப்போர் முக்காற்பங்கு அமுக்கத்தை மீளப் பெறுகின்றனர். இரு லயத்துக்கும் தனித்தனிச் சிறு தாங்கி அமைத்து இரவில் நிரப்புதல் இதனினும் நன்று. இரு திறத்தாரும் கூடிநிற்க அமுக்கமானியின் முள்ளை ஒருமுறை காட்டினால், பல்லாண்டுப் பூசல் கணக்காக மாறிவிடும். கணக்கைத் தீர்த்தல் பூசலைத் தீர்ப்பதினும் எளிது.

வெந்நீர் செல்லும் வழி

மலைநாட்டுக் குளிர் நமக்குப் புதிதன்று. பழைய துரை பங்களாக்கள் சிலவற்றில் விறகடுப்பின் பின்புறத்தே நீர்க்கலம் அமைத்து, அதிற் சூடேறிய நீர் தானே மேலேறித் தாங்கியை அடையவும், தாங்கியின் தண்ணீர் கீழிறங்கி அடுப்பை அடையவும் செய்திருந்தனர். பம்பி யாதுமின்றி இச்சுற்றோட்டம் நிகழ்வது எவ்வாறு? 40 பாகையில் ஒரு கனமீற்றர் நீர் 992 கிலோகிராம் எடையுடையது; 80 பாகையில் 972 கிலோகிராமே. இலேசான நீரைப் பாரமான நீர் மேலே தள்ளுகின்றது. உயரம் 3 மீற்றராயின் அத்தள்ளுதல் 60 மில்லிமீற்றர் நீர் தரும் அமுக்கத்துக்கே சமனாகும். நால்விரற்கிடை உயரங்கூட இல்லாத இவ்வமுக்கத்தால் நீர் ஓடவேண்டுமாதலின், அக்குழாய்கள் அகன்றனவாயும், வளி தங்காத சாய்வுடையனவாயும் இருத்தல் வேண்டும். 1777இலேயே பிரான்சில் பொன்னமேன் என்பார் கோழிக்குஞ்சு பொரிக்கும் அறைகளை இவ்வாறு ஓடும் வெந்நீராற் சூடாக்கினார்.

இன்று இலண்டன், சூரிச், பேர்லின் முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றை வெதுப்புவதும் இவ்வெந்நீர்ச் சுற்றே. கொதிகலனிற் சூடேறிய நீரைப் பம்பி சுவரோரத்து ரேடியேற்றர்களுக்குச் செலுத்த, அது வெப்பத்தை ஈந்து திரும்பும். அத்தகைய நகரொன்றில் வாழும் பழைய மாணவர் ஒருவர் சென்ற குளிர்காலத்தில் எம்மோடு உரையாடியபோது, தம் மேல்மாடி அறை சூடேறவில்லை என்றும், அங்கு கைக்குழந்தை உறங்குவதால் கவலையாயுள்ளது என்றும் கூறினார். அமுக்கம் போதாதென எண்ணி, அவர் நிரப்பும் வால்வைத் திறந்து, 1 பாரிலிருந்து 2.5 பார்வரை ஏற்றியிருந்தார். அறை சூடேறவில்லை. நீர் சூடேறிப் பருத்தபோது காப்பு வால்வு சொட்டத் தொடங்கியதே கண்ட பலன்.

இங்கேயும் மயக்கம் அதுவே. அடைத்த சுற்றில் மேலேறும் நீரின் எடையைக் கீழிறங்கும் நீரின் எடை ஈடுசெய்கின்றது. பம்பிக்கு நீரை உயர்த்தும் வேலை இல்லை. உராய்வை வெல்லும் வேலையே உண்டு. நீரை ஓடச் செய்வது பம்பியின் முன்னும் பின்னுமுள்ள அமுக்கங்களின் வேறுபாடு. புதிதாக நீரை ஏற்றினால் இருபுறமும் ஒருங்கே உயரும், வேறுபாடு உயராது. குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருத்தல் பொதுவாக வீடுகளுக்குப் போதும். 3 பாரிற் காப்பு வால்வு திறந்துகொள்ளும். 100 இலீற்றர் நீர் 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 3 இலீற்றர் பருக்கின்றது. அதற்கென அமைந்த விரிவுக்கலம் பழுதுபடினும் அமுக்கம் ஏறி வால்வு சொட்டும். அன்றியும், அடிக்கடி புதுநீர் ஏற்றினால் அதிற் கரைந்துள்ள ஒட்சிசன் இரும்பைத் துருவாக்க, அத்துரு சேறாகப் படிந்து பாய்ச்சலை மேலும் தடுக்கும். மருந்தே நோயாகும் நிலை இது.

அடைத்த சுற்றில் வாளி கொண்டு அளத்தல் இயலாது. ஆகவே பாய்ச்சலை வேறு வழிகளால் அறிதல் வேண்டும். பம்பியின் இருபுறத்து அமுக்க வேறுபாட்டை அளந்து, செய்தோர் தந்த வரைபிற் பாய்ச்சலைக் காணல் ஒரு வழி. ஆயின் இங்கும் விழிப்பு வேண்டும்: வால்வுகள் யாவும் மூடியிருப்பின் வேறுபாடு பெரிதாகும், பாய்ச்சலோ இல்லையாகும். வெப்பநிலையைக் கொண்டு அறிதல் மற்றொரு வழி. நிமிடத்துக்கு 1 இலீற்றர் நீர் 10 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 700 வாற்று வெப்பத்தை அறைக்கு ஈகின்றது. ரேடியேற்றருக்குள் நுழையும் குழாய் சூடாயும், வெளியேறும் குழாய் மிகக் குளிர்ந்தும் இருப்பின் பாய்ச்சல் குறைவு. இரண்டும் சூடாயின் பாய்ச்சல் போதியது. இரண்டும் குளிர்ந்திருப்பின், நீர் ஓடவேயில்லை.

அவ்வன்பரிடம் இரு குழாய்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். இரண்டும் குளிர்ந்திருந்தன, கீழ்வீட்டில் யாவும் சூடாயிருந்தன. மேல்மாடி ரேடியேற்றரின் தலைப்பில் வளி சிறைப்பட்டிருத்தல் வேண்டுமென அறிந்து, பம்பியை நிறுத்திக் குளிரவிட்டு, அதன் வளித்திருகைச் சிறிது தளர்த்தச் சொன்னோம். நெடுநேரம் வளி சீறி வெளியேறிப் பின்னர் நீர் வந்தது. அமுக்கத்தை 1.2 பாரில் நிறுத்தி மீண்டும் ஓடவிட, அறை சூடேறிற்று. ‘நம் லயத்துக் குழாயிலும் மேட்டில் வளி நின்றால் இப்படித்தானே’ என அவர் கூறியது எமக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. இடம் வேறாயினும் நீரின் இயல்பு ஒன்றே.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

வாளி ஒன்று, கடிகாரம் ஒன்று, அமுக்கமானி ஒன்று, குறிப்பேடு ஒன்று. இவ்வளவே வேண்டுவன. உயர்வகுப்பு மாணவர் தத்தம் பீலியின் நிலையமுக்கம், ஓட்ட அமுக்கம், பாய்ச்சல் என்னும் மூன்றையும் மாதம் ஒருமுறை அளந்து நாளிட்டு எழுதி வருவாராயின், ஓராண்டு முடிவில் அத்தோட்டத்தின் நீர் வரலாறு அவர் கையிலிருக்கும். தாங்கி வேண்டுமா, குழாய் வேண்டுமா, ஒரு றப்பர் வளையம் போதுமா என்பதை அவ்வேடு காட்டும். அதிகாரிகளிடம் முறையிடச் செல்லும் பெரியோர்க்கும் வெறுஞ் சொல்லினும் அவ்வெண்கள் வலிய துணையாகும். பழைய மாணவர் தத்தம் தோட்டத்துக்கு ஓர் அமுக்கமானி வாங்கி உதவுவாராயின், இவ்விழாவின் நினைவாக அது பீலிக்கரையில் நெடுநாள் பயன்படும்.